புளியில் துலக்கிய தோட்டாக்கள்

வசந்தமலர் எதையும் வடிகட்டாமல் விடாதவள். தேநீர், தேங்காய்ப்பால், புளிக்கரைசல், ஊர்ச் செய்தி எல்லாமே அவளிடம் ஒரு முறை வடிபட்டுத்தான் மற்றவர்களிடம் போகும். ஒரேயொரு தடவை ஒன்றை வடிகட்டாமல் விட்டாள். அதனால் வந்த பெருமையை ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அவளைத் தெரிந்தவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவள் மட்டும் சொல்வதில்லை.

பருத்தித்துறைக்காரி. கொழும்பில் இரசாயனம் படித்து, கலியாணம் முடித்து, எழுபதுகளின் நடுவில் கணவன் வரதராஜாவோடு நியூ ஜெர்சிக்கு வந்தாள். மான்மவுத் ஜங்ஷனில் மாத்திரை செய்யும் கம்பனி ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை. யந்திரம் கொட்டும் மாத்திரைகளில் கொஞ்சத்தை எடுத்துப் பொடியாக்கி, நிறுத்து, ஒன்றில் இருப்பதுதான் மற்றதிலும் இருக்கிறதா என்று பார்ப்பாள். இல்லை என்று அவள் கையெழுத்துப் போட்டால் ஒரு லொறிச் சரக்கு வாசலோடு நின்றுவிடும். மேலதிகாரிகள் வந்து கெஞ்சுவார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மறுபடி சோதிக்கலாம், ஆனால் இதே விடைதான் வரும் என்பாள். வரும்.

வரதராஜா பிஸ்கட்டவே என்ற ஊரில் குழாய்களும் வால்வுகளும் வரைகிற எஞ்சினியர். சத்தம் போட்டுக் கதைக்காத மனிதர். அவருடைய பிரிவில் மூத்தவர் எட் கோவால்ஸ்கி. பென்சில்வேனியா மலைக்குள் கோவால்ஸ்கிக்கு ஒரு மரக்குடில் இருந்தது. நவம்பர் கடைசியில் வரும் தாங்ஸ்கிவிங் விடுமுறை முடிந்த திங்கட்கிழமை அங்கே மான் வேட்டை தொடங்கும். நியூ ஜெர்சியில் மானுக்கு ரைஃபிள் பாவிக்கக் கூடாது, ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியாவுக்குள் போனால் பாவிக்கலாம். எண்பத்து நாலாம் ஆண்டு கோவால்ஸ்கி வரதராஜாவையும் கூப்பிட்டார். அவர்களுக்கு அவர் ராஜ். வரதராஜா பொலிஸில் கைரேகை கொடுத்து, அனுமதி அட்டை எடுத்து, ஒரு துவக்கு வாங்கினார். அந்தக் காட்டில் பாதிப் பேர் வைத்திருக்கும் தேர்ட்டி ஆட் சிக்ஸ் ரக ரைஃபிள்.

அந்தக் குடிலுக்கு ஒரு சட்டம் உண்டு. வேட்டைக்கு முந்திய சனிக்கிழமை நூறு யார்ட் தூரத்தில் ஒரு காகிதத் தட்டை ஆணியடித்து வைப்பார்கள். தட்டின் நடுவில் தேநீர்ச் சாசரைக் கவிழ்த்துப் பென்சிலால் வட்டம் கீறியிருக்கும். ஒவ்வொருவருக்கும் மூன்று வெடி. மூன்றும் வட்டத்துக்குள் விழவேண்டும். விழாதவருடைய துவக்கு சுவரில் மாட்டப்படும், அந்த வாரம் முழுக்க அவர்தான் சமையல். குறி தப்பிய வெடியால் மான் காயப்பட்டுக் காட்டுக்குள் கிடந்து சாகக் கூடாது என்று கோவால்ஸ்கியின் தகப்பன் வைத்த சட்டம் அது. அதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

வரதராஜா அந்த வருடமும் அடுத்த வருடமும் சமைத்தார்.

வசந்தமலருக்கு இந்தச் சட்டம் தெரியாது. கணவன் விருப்பப்பட்டுச் சமைக்கிறார் என்றே நினைத்திருந்தாள். போகும்போது தன் கையால் வறுத்து இடித்த கறித்தூளை ஒரு போத்தலில் அடைத்துப் பெட்டியில் வைத்து அனுப்புவாள். எண்பத்தாறு ஜனவரியில் கோவால்ஸ்கி வீட்டு விருந்தில்தான் விஷயம் வெளிவந்தது. மேசையில் மான் இறைச்சிப் பிரட்டலைப் பற்றிப் பேச்சு எழுந்தது. சிவந்த முகமும் பெரிய குரலும் கொண்ட டூலி என்பவர், நவம்பர் வந்தால் தாங்கள் எல்லாரும் ஒரே வேண்டுதலோடுதான் மலை ஏறுகிறோம், ராஜ் இந்த முறையும் தவறவிட வேண்டும் என்பதே அது என்றார். மேசையே சிரித்தது. வரதராஜாவும் சிரித்தார். வசந்தமலரும் சிரித்தாள். பக்கத்தில் இருந்த பெண்மணி, தட்டும் சாசரும் சமையலுமாக முழுக் கதையையும் அவளுக்கு விளக்கினாள்.

திரும்பி வரும்போது ரூட் பதினெட்டு நெடுஞ்சாலையில் பனி தூறிக்கொண்டிருந்தது. வசந்தமலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்னப்பா, தலையிடியே?" என்றார் வரதராஜா.

"இல்லை. அவையள் உங்களைக் குசினிக்காரனாய் வைச்சிருக்கினம்."

"பகிடிக்குச் சொல்லுறாங்கள்."

"ஓம். ரெண்டு வருசமாய்ப் பகிடி. என்ரை தூளிலை."

அவர் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, துவக்குக் கடைக்காரன் ஒன்று சொன்னவன் என்றார். ஒவ்வொரு துவக்குக்கும் ஒரு வகைத் தோட்டாதான் ஒத்துவருமாம். ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய இரண்டு துவக்குகள்கூட ஒரே பெட்டித் தோட்டாவை ஒரே மாதிரி விழுத்தாவாம். வசந்தமலர் அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள். உங்கள் துவக்குக்கு எது ஒத்துவரும் என்று யாராவது சோதித்தார்களா என்று கேட்டாள். இல்லை, கடையில் இருந்ததை வாங்கினேன் என்றார் அவர்.

சோதிக்காத சரக்கு. அந்த நிமிடமே அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. அடுத்த நவம்பரில் தன் கணவன் சமைக்கப் போவதில்லை.

பனி கரைந்ததும் கடை கடையாக ஏறி இறங்கி ஏழு வகைத் தோட்டாக்கள் வாங்கினாள். குண்டின் எடை வேறு, வடிவம் வேறு, கம்பனி வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் துப்பாக்கிக் கழகத்தின் மைதானத்துக்குப் போனார்கள். அங்கே அவள் செய்த முதல் வேலை, தோட்டாக்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, அடிப்பக்க விளிம்பில் நகப்பூச்சால் பொட்டு வைத்தது. ஒரு கம்பனிக்குச் சிவப்பு, ஒன்றுக்கு ரோஸ், ஒன்றுக்கு முத்து வெள்ளை. எந்த நிறம் எந்தக் கம்பனி என்று அவளுக்கு மட்டும் தெரியும். சுடுகிறவருக்குத் தெரிந்தால் விலை கூடிய தோட்டாவுக்குக் கை தானாகவே மரியாதை கொடுக்கும் என்பது அவள் கணக்கு. மாத்திரைகளை நோயாளிகளிடம் சோதிக்கும்போதும் இப்படித்தான் மறைப்பார்கள். பக்கத்து மேசையில் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் நகப்பூச்சு போட்ட தோட்டாக்களைக் கண்டு சிரித்தார்கள். அவள் அவர்களுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

மூன்று வெடிக்குப் பிறகு குழல் சூடாகிவிடும். சூடான குழலின் முடிவை நம்பக் கூடாது. அதனால் ஒவ்வொரு மூன்றுக்கும் நடுவில் ஒரு கோப்பை தேநீர். கோப்பை முடியும்வரை துவக்கு, தோட்டா போடும் கதவைத் திறந்துகொண்டு ஆறும். நிறம் மாறும்போது குழலைத் துடைத்தார்கள். வரதராஜா மணல்மூட்டையில் துவக்கைச் சாய்த்து வைத்துச் சுடுவார். அவள் பின்னால் மூன்று காலில் நிற்கும் தொலைநோக்கியில் கண்ணை ஒட்டிக்கொண்டு, துளை எங்கே விழுந்தது என்று சொல்வாள்.

முடிவு அவளுக்குப் பிடிபடவில்லை. கனத்த குண்டுகள் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. ஒரு நிறம், ரோஸ், நடுத்தர எடை, மற்றவற்றைவிட நன்றாக இருந்தது. ஆனால் அதிலும் இரண்டு துளைகள் பக்கத்தில் பக்கத்தில் விழும், மூன்றாவது கீழே போய்விடும். நிறத்துக்கு நிறம் இதே கதை. இரண்டு ஒழுங்கு, ஒன்று கீழே.

வீட்டுக்கு வந்து, மிச்சம் இருந்த ரோஸ் தோட்டாக்களின் குண்டைக் கழற்றி, உள்ளே இருந்த வெடிமருந்தைக் கொட்டி நிறுத்தாள். ஒன்றுக்கும் மற்றதுக்கும் துளி வித்தியாசம் இருந்தது. மானுக்கு அது தெரியப் போவதில்லை. வசந்தமலருக்குத் தெரிந்தது.

"எங்கட லாபில உது பாஸ் ஆகாது," என்றாள். "நானே செய்யிறன்."

அப்படித்தான் கராஜில் அழுத்தும் யந்திரமும், தராசும், தோட்டா செய்யும் முறையைச் சொல்லும் தடித்த புத்தகமும் வந்து சேர்ந்தன. மருந்தின் அளவில் புத்தகம் போட்ட எல்லையை அவள் ஒரு நாளும் தாண்டவில்லை. எல்லைக்குள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினாள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். மருந்தை மாற்றினால் குண்டை மாற்றமாட்டாள், குண்டு தோட்டாவின் உறையான கோதுக்குள் இறங்கும் ஆழத்தை மாற்றினால் மற்றதொன்றையும் தொடமாட்டாள். மகள் ஷாமினி பள்ளிக்கூடத்தில், என்னுடைய அம்மா பகலில் மாத்திரையும் பின்னேரத்தில் புல்லட்டும் செய்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தாள். டீச்சர் ஃபோன் எடுத்து விசாரித்தார். வசந்தமலர் விளக்கியதும் அவர் சிரித்துவிட்டு, தன் தகப்பனும் செய்வார், ஆனால் இவ்வளவு சுத்தமாகச் செய்யமாட்டார் என்றார்.

எல்லாரும் சிரிக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த தவமணிதேவி அக்கா ஒரு நாள் வடை கொண்டுவந்தவள், கராஜ் கதவு திறந்திருந்ததால் அப்படியே உள்ளே வந்துவிட்டாள். வரிசையாக நின்ற தோட்டாக்களைப் பார்த்தாள். அவளுடைய தம்பி குடும்பம் இன்னும் யாழ்ப்பாணத்தில் இருந்தது.

"வசந்தா, உனக்கு விசரே? ஊரில துவக்கால சனம் சாகுது. நீ இஞ்ச இருந்து தோட்டா செய்யிறாய்."

"அக்கா, இது மானுக்கு."

"அது துவக்குக்குத் தெரியுமே?"

வசந்தமலர் வடைத் தட்டை வாங்கிக்கொண்டு தேநீர் வைக்க உள்ளே போனாள். ஊரிலிருந்து தாய் ஃபோனில் கதைக்கும்போது அவள் இந்த வேலையைப் பற்றி மூச்சு விட்டதில்லை. அன்றைக்குப் பிறகு கராஜ் கதவை மூடிக்கொண்டு வேலை செய்தாள். ஆனால் நிறுத்தவில்லை.

சுட்டு முடிந்த வெற்றுக் கோதுகளைத்தான் மறுபடி நிரப்பவேண்டும். அவருடைய துவக்கில் வெடித்த கோது அதே துவக்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தும் என்று புத்தகம் சொன்னது. ஆனால் கோதுகள் புகை பிடித்துக் கறுத்திருந்தன. அவற்றைத் துலக்க ஒரு யந்திரம் வாங்கவேண்டும் என்றும் புத்தகம் சொன்னது. வசந்தமலர் புத்தகத்தை மூடினாள். கோது பித்தளை. பித்தளையை எதால் துலக்குவது என்று அவளுக்கு ஒரு புத்தகமும் சொல்லத் தேவையில்லை. சாமி அறையில் இருந்த குத்துவிளக்கைப் பார்த்தாலே தெரியும்.

அடியில் இருந்த, தீப்பொறி கொடுத்து முடிந்த பழைய பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டு, கோதுகளை ஒரு சட்டியில் போட்டு, ஒரு பிடி புளியைக் கரைத்து ஊற்றிப் பிசைந்தாள். அலசினாள். அடுப்பின் இளஞ்சூட்டில் உலர்த்தினாள். கோதுகள் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்ததைவிடப் பளபளத்தன. புதுப் பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து நிரப்பினாள். அடுத்த ஞாயிறு மைதானத்தில் அவற்றைக் கண்டவர்கள் கையில் வாங்கி வெயிலில் உருட்டிப் பார்த்தார்கள். நகப்பூச்சைக் கண்டு சிரித்தவர்கள்தான். ஒருவர் இதை எதால் துலக்கினாய் என்று கேட்டார். அது எங்கள் வீட்டு வழக்கம் என்றாள். அந்தக் காலையில் அவள் நடந்த நடை வேறு.

பக்கத்து மேசைக்காரர் தொலைநோக்கியை இரவல் கேட்டார். கொடுத்தாள். அதனால்தான் வரதராஜா அடுத்த வெடிக்குக் குனிந்தபோது, நாலு மாதத்தில் முதல் தடவையாக, அவள் குறிப்பலகையைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் விசையை இழுத்தார். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். வெடிக்கவில்லை.

ஆனால் துவக்கின் நுனி, கோழி தீன் கொத்துவதுபோல, கீழே ஒரு கொத்துக் கொத்தியது. வரதராஜாவின் இரண்டு கண்களும் இறுக்கி மூடியிருந்தன. தோள் முன்னால் பாய்ந்திருந்தது. வெடி வந்திருந்தால் அந்த உதைப்பிலும் சத்தத்திலும் இது எதுவும் தெரிந்திராது. வெடி வராததால் எல்லாம் வெளிச்சத்தில் நின்றது.

பிந்தி வெடித்தாலும் வெடிக்கும் என்பதால், விதிப்படி குழலைக் குறிப்பலகைப் பக்கமே வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு தோட்டாவை வெளியே எடுத்து அவளிடம் நீட்டினார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

"உம்மட தோட்டாவிலதான் ஏதோ பிழை."

வீட்டில் அந்தத் தோட்டாவைப் பிரித்தாள். பிழை அவளுடையதுதான். பிரைமரின் நெருப்பு மருந்துக்குள் போவதற்குக் கோதின் அடியில் ஊசி முனையளவு துளை ஒன்று உண்டு. அந்தத் துளையில் புளியின் தும்பு ஒன்று சிக்கி, கூழோடு காய்ந்து, பசை வைத்ததுபோல அடைத்திருந்தது. குத்துவிளக்குக்குப் புளியை யாரும் வடிகட்டுவதில்லை, அப்படியே தேய்ப்பார்கள். ரசத்துக்கு வடிகட்டுகிறவள் விளக்குக்கு வடிகட்டாத பழக்கத்தில் தோட்டாவுக்கும் வடிகட்டாமல் விட்டுவிட்டாள். மிச்சத் தோட்டாக்களையும் பிரித்துப் பார்த்தாள். இன்னும் இரண்டில் தும்பு இருந்தது.

தும்பைக் கணவனிடம் காட்டினாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பரவாயில்லை, புளிதானே என்றார். வீடு முழுக்க அவளைக் கேலி செய்துகொண்டு திரிந்தார். இரண்டு வருடத்தில் துவக்கைப் பற்றிக் கதைக்கும்போது அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததை அவள் கண்டதில்லை.

அந்த வாரம் அவளுக்குப் பாரமாக இருந்தது. ஏழு வகைத் தோட்டாவிலும் மூன்றாவது துளை ஏன் கீழே போனது என்று இப்போது தெரியும். தோட்டா அல்ல, துவக்கும் அல்ல. ஆய்வுகூடத்தில் இதற்கு வழி உண்டு. ஒருவர் கையில் விடை ஒத்துவரவில்லையென்றால் அதே மாதிரியை இன்னொருவர் கையில் கொடுப்பார்கள். யாரும் கோபிப்பதில்லை. வீட்டில் அப்படிச் செய்தால் அது வேறு கதை. சொல்லாமல் விட்டால் நவம்பரில் அவர் மறுபடியும் சமைப்பார். சொன்னால், டூலி மேசையில் சொன்னதை அவள் வீட்டுக்குள் வைத்துச் சொன்னதாகிவிடும்.

புளியை இரண்டு தரம் வடிகட்டினாள். துலக்கிய கோதுகளை அப்பச்சோடா கலந்த தண்ணீரில் அலசி, சுடுநீரில் அலசி, உலர்த்தி, ஒவ்வொன்றின் துளையிலும் ஊசி விட்டுப் பார்த்தாள். ரோஸ் நிறத் தோட்டாவில் இருந்த அதே மாதிரியான குண்டு. மருந்து அவளே நிறுத்தது. அடுத்த ஞாயிறு மைதானத்தில், தேநீர் ஊற்றும்போது சொல்வதுபோலச் சொன்னாள்.

"நான் மூண்டு அடிச்சுப் பாக்கட்டே?"

வரதராஜா ஆச்சரியப்பட்டார், ஆனால் எழுந்து இடம் விட்டார். மைதானத்துக்குப் பொறுப்பான முதியவர் அவளுக்குப் பிடிக்கும் முறையையும் மூச்சையும் விரலையும் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். தோளுக்கு ஒரு குளியல் துவாயை மடித்து வைத்தாள். சுட்டாள். ஆற விட்டாள். மறுபடி சுட்டாள். துவக்கு தோளில் கழுதை மாதிரி உதைத்தது. ஆனால் அவளுக்கு அந்த உதையோடு பழைய பகை ஒன்றும் இல்லை.

காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தபோது மூன்று துளைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. ஒரு குவாட்டர், இருபத்தைந்து சதக் காசு, மூன்றையும் மூடிவிடும்.

வரதராஜா துளைகளின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"அப்ப நான்தான்," என்றார்.

"ஓம்."

"உமக்கு எப்ப தெரியும்?"

"அந்தப் புளித்தும்பு அடைச்ச அண்டைக்கு. வெடிக்கேல்லை. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு குனிஞ்சனீங்கள்."

"ஒரு கிழமையாய் வைச்சுக்கொண்டிருந்தனீரே?"

"பின்னை என்னண்டு சொல்லுறது? முதல்ல எனக்குத்தானே பிழை வந்தது."

அவர் காகிதத்தை மடித்தார். மறுபடி விரித்தார். சத்தம் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை, அவர்களோடு மலைக்குப் போவது பிடிக்கும், அதற்காகத்தான் சுட்டேன் என்றார். பிறகு, டூலி சொன்னது எனக்கும் சுட்டது, காரில் உமக்குச் சொல்லவில்லை என்றார். வசந்தமலர் அவருக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினாள்.

"உங்கட கையில பிழையில்லை. வெடி வரப்போகுதெண்டு முந்தியே பயப்பிடுறியள். அதை மாத்தலாம்."

மாற்றுவதற்கு அவள் எடுத்த வழியும் ஆய்வுகூடத்து வழிதான். மருந்தும் பிரைமரும் இல்லாத வெறும் தோட்டாக்கள் சிலவற்றைச் செய்தாள். நல்ல தோட்டாக்களோடு கலந்து, அவர் பார்க்காதபடி அவளே துவக்கில் போட்டுக் கொடுப்பாள். எது வெடிக்கும், எது வெடிக்காது என்று அவருக்குத் தெரியாது. வெடிக்காதபோதெல்லாம் துவக்கின் நுனி கொத்தியது. அவருக்கே அது தெரிந்தது, வெட்கப்பட்டார், சிரித்தார், மறுபடி குனிந்தார். செப்டம்பர் முழுக்கக் கொத்தியது. இலை பழுத்த காலத்தில் குறைந்தது. இலை கொட்டி முடிந்தபோது, வெறும் தோட்டாவுக்கு விசை இழுத்தால் நுனி, மேசையில் வைத்த பேனைபோல அசையாமல் கிடந்தது. தொலைநோக்கி பையைவிட்டு வெளியே வரவே இல்லை. அவள் பார்க்கவேண்டியது குறிப்பலகை அல்ல.

இந்த முறை மனைவியும் வருகிறாள் என்று வரதராஜா சொன்னபோது கோவால்ஸ்கி கொஞ்சம் யோசித்தார். குடிலுக்கு ஆண்கள்தான் வருவது வழக்கம். பிறகு, என் தகப்பன் தட்டைப் பற்றி மட்டும்தான் சட்டம் வைத்தார், வேறெதையும் பற்றி வைக்கவில்லை, வரட்டும் என்றார்.

புறப்படுகிற காலையில் ஷாமினியைத் தவமணிதேவி அக்கா வீட்டில் விட்டார்கள். அக்கா வாசலில் நின்று, மான் கிடைத்தால் ஒரு துண்டு கொண்டுவா என்று மட்டும் சொன்னாள். பெட்டி அடுக்கும்போது வசந்தமலர் வழக்கம்போலக் கறித்தூள் போத்தலைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றாள். திரும்பவும் அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

சனிக்கிழமை மலையில் காற்றில்லை. தட்டுகளை மரச்சட்டத்தில் அடித்திருந்தார்கள். கோவால்ஸ்கி சுட்டார், வட்டத்துக்குள். டூலி சுட்டார், வட்டத்துக்குள், கோட்டைத் தொட்டுக்கொண்டு. கூட வந்த மற்ற இருவரும் தேறினார்கள். பிறகு எல்லாரும் வரதராஜாவைப் பார்த்தார்கள். டூலி உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

வசந்தமலர் வரதராஜாவுக்குப் பின்னால் ஒரு பக்கமாக நின்றாள். அவளுடைய தோட்டாக்கள், புளியில் துலங்கியவை, அந்தச் சாம்பல் வெளிச்சத்திலும் மின்னின. முதல் வெடி. நுனி அசையவில்லை. இரண்டாவது. அசையவில்லை. மூன்றாவதுக்கு அவர் நிறைய நேரம் எடுத்தார். ஒரு முறை தலையை உயர்த்தி மூச்சு விட்டார். மறுபடி குனிந்தார். கண்கள் திறந்திருந்தன.

வெடித்தது. மற்றவர்கள் தட்டைப் பார்க்க நடந்தார்கள். வசந்தமலர் நடக்கவில்லை. அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

மூன்றும் உள்ளே. மூன்று விரல் அகலத்துக்குள். கோவால்ஸ்கி வரதராஜாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, விடாமல் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றி வசந்தமலரைப் பார்த்து, இன்னும் தட்டு இருக்கிறது என்றார். அவள் துவாயை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு குனிந்தாள். அவளுடைய தட்டைச் சட்டத்திலிருந்து கழற்றி வந்தவர் டூலி. மூன்று துளையும் எங்கே என்று தேடிவிட்டு, எல்லாம் ஒரே இடத்தில்தான் என்று தெரிந்ததும் அதைக் கோவால்ஸ்கியிடம் கொடுத்தார். அது குடிலின் சுவரில், அங்கே ஏற்கெனவே மாட்டியிருந்த கோவால்ஸ்கியின் தகப்பனுடைய தட்டுக்குப் பக்கத்தில் ஆணியடிக்கப்பட்டது.

டூலியிடமும் ஒரு தேர்ட்டி ஆட் சிக்ஸ் இருந்தது. தனக்கும் ஒரு பெட்டி செய்து தரமுடியுமா என்று கேட்டார். மாட்டேன் என்றாள் வசந்தமலர். இவை இந்த ஒரு துவக்குக்கு மட்டும் பார்த்துச் செய்தவை. வேறு துவக்கில் போட்டால் குறியும் நிச்சயமில்லை, பாதுகாப்பும் நிச்சயமில்லை. உங்களுடையதுக்கு எது ஒத்துவரும் என்று நீங்கள்தான் தேடவேண்டும் என்றாள். கோதுகள் மின்னும் ரகசியத்தை மட்டும் சொன்னாள். அடுத்த வசந்தத்தில் அந்தப் பக்கத்து இந்தியக் கடைகளில் சிவந்த முகத்துக்காரர்கள் வந்து புளி கேட்டார்கள் என்பது வேறு கதை. வடிகட்ட மறக்கவேண்டாம் என்றும் சொல்லியனுப்பியிருந்தாள்.

இரவுச் சாப்பாட்டு நேரம் வந்தபோதுதான் குடிலில் ஒரு புதிய பிரச்சினை எழுந்தது. எல்லாரும் தேறிவிட்டார்கள். சமைக்க ஆளில்லை. அப்படி ஒரு வருடம் அந்தக் குடிலில் வந்ததே இல்லை. மற்றவர்கள் வரதராஜாவைப் பார்த்தார்கள், அவர் சுவரில் இருந்த தட்டைப் பார்த்தார். கடைசியில் குடிலுக்குச் சொந்தக்காரர் என்ற முறையில் கோவால்ஸ்கி எழுந்து, தகரத்தில் அடைத்த அவரையைத் திறந்து சட்டியில் கொட்டினார். டூலி வரதராஜாவின் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டு, அந்தத் தூளாவது எங்கே என்றார்.

"வீட்டில்," என்றாள் வசந்தமலர் ஆங்கிலத்தில்.

வரதராஜா அவள் பக்கம் சாய்ந்தார்.

"வேணுமெண்டுதான் விட்டுட்டு வந்தனீரோ?"

"ஓம்."

"நான் வட்டத்துக்கு வெளியில அடிச்சிருந்தால்?"

"உப்புப் போட்டு அவிச்சுக் குடுத்திருப்பியள்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினார், முடியவில்லை. மற்றவர்கள் என்னவென்று கேட்டார்கள். அவர் சொல்லவில்லை.

கோவால்ஸ்கி அவரையைக் கொண்டுவந்து வைத்தார். அதில் ஒரு ருசியும் இல்லை. மற்றவர்கள் உப்பைத் தூவித் தூவித் தின்றார்கள். டூலி, திங்கட்கிழமை மானையாவது தவறவிடேன் ராஜ் என்று முனகினார். வசந்தமலர் தன் கோப்பையில் இருந்த அவரையை முடித்துவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.